தெமேத்ரியுஸ் யார் பக்கம்?

1912ஆம் ஆண்டு பால்கன் போரின்போது தெசலோனிக்கா நகரை நோக்கி இரண்டு படைகள் ஒன்றையொன்று முந்தப் பார்த்தன. தெற்கிலிருந்து கிரேக்கர்கள், வடக்கிலிருந்து பல்கேரியர்கள். இரு நாடுகளும் ஒட்டோமான் அரசுக்கு எதிராகக் கூட்டணி சேர்ந்திருந்தன. ஆனால் திருத்தூதர் பவுல் நிருபம் எழுதி அனுப்பிய அந்தப் பழைய துறைமுக நகரம் யாருக்குச் சேர வேண்டும் என்பதில் மட்டும் அவற்றுக்குள் உடன்பாடு இல்லை. ஒட்டோமான் தளபதி ஹசன் தஹ்சின் பாஷா கிரேக்கர்களிடம் சரணடைந்தார். பல்கேரியப் படை நகரத்தை எட்டியபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்று கிரேக்கத்தில் வழக்கிலிருந்த ஜூலியன் நாட்காட்டிப்படி சரணடைந்த தேதி அக்டோபர் 26. அது நகரின் காவல் புனிதரான தெமேத்ரியுஸின் திருவிழா நாள்.

புனிதர் தங்கள் பக்கம்தான் என்பதற்குக் கிரேக்கர்களுக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. பல்கேரியர்களுக்கோ இது போர்க்களத் தோல்வியை விடக் கசப்பான விஷயம். ஏனென்றால் அந்தப் புனிதர் 1185ஆம் ஆண்டிலேயே தெசலோனிக்காவை விட்டுத் தங்களிடம் வந்துவிட்டார் என்று அறிவித்துத்தான் அவர்களுடைய முன்னோர் ஒரு பேரரசையே தொடங்கியிருந்தார்கள். நம்பிக்கைக்காக உயிர்விட்ட ஒரு மறைசாட்சி யாருக்குச் சொந்தம் என்ற இந்த வழக்கு ஏழு நூற்றாண்டுக்கு மேல் நடந்தது. அதன் ஆவணங்கள் பெரும்பாலும் ஆலயங்கள்தான்.

கதைப்படி தெமேத்ரியுஸ் தெசலோனிக்காவில் பிறந்த உயர்குடி இளைஞர். 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிறிஸ்தவர்கள் வேட்டையாடப்பட்ட காலத்தில், மறையைப் போதித்தார் என்று பிடித்து விளையாட்டரங்குக்குப் பக்கத்திலிருந்த பொதுக் குளியல் கூடத்தில் அடைத்து வைத்தார்கள். ரோமப் பேரரசர் கலேரியுஸுக்கு லையோஸ் என்றொரு செல்ல மல்லன் இருந்தான். அவனை எதிர்த்து நின்று உயிரோடு திரும்பியவர் இல்லை. நெஸ்தோர் என்ற இளைஞன் சிறையில் தெமேத்ரியுஸைப் பார்த்து ஆசி பெற்றுப் போய் அந்த மல்லனைக் கொன்றான். ஆத்திரம் அடங்காத பேரரசர் நெஸ்தோரின் தலையைத் துண்டிக்கவும், தெமேத்ரியுஸை அடைத்த இடத்திலேயே ஈட்டியால் குத்திக் கொல்லவும் ஆணையிட்டார். நம்பிக்கையாளர்கள் உடலை அங்கேயே மண்ணுக்குள் மறைத்தார்கள். பிறகு இலிரியப் பகுதியின் ஆளுநர் லெயோன்டியுஸ், தீராத நோய் அங்கே தீர்ந்ததற்கு நன்றியாக அந்த இடத்தில் ஆலயம் எழுப்பினார்.

இதே கதையின் கடைசிப் பகுதியில் ஒரு சிக்கல் இருக்கிறது. லெயோன்டியுஸ் புனிதரின் இரத்தக்கறை படிந்த மேலாடைத் துண்டை எடுத்துக்கொண்டு வடக்கே டான்யூப் பக்கமுள்ள சிர்மியும் நகருக்குப் போய், அங்கும் ஓர் ஆலயம் கட்டினாராம். ஏன் சிர்மியும்? 411ஆம் ஆண்டைச் சேர்ந்த சிரியாக் மொழி மறைசாட்சிப் பட்டியலில் ஏப்ரல் 9ஆம் நாளுக்கு நேராகச் சிர்மியுமைச் சேர்ந்த ஒரு தெமேத்ரியுஸின் பெயர் இருக்கிறது. தெசலோனிக்காவுக்கு அப்படி ஒருவர் இல்லை. இதைக் கொண்டு பெல்ஜிய யேசு சபை அறிஞர் இப்போலித் தெலஹே கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கதையைத் தலைகீழாகத் திருப்பினார்: பக்தி தெற்கிலிருந்து வடக்கே போகவில்லை, வடக்கிலிருந்து தெற்கே வந்தது. பின்னால் வந்தவர்கள் அதற்குக் காரணமும் சேர்த்தார்கள். 441இல் ஹூணர்கள் சிர்மியுமை அழித்தபோது ஆளுநரின் தலைமையகம் தெசலோனிக்காவுக்கு மாறியது. அதிகாரிகளோடு அவர்களுடைய புனிதரும் இடம்பெயர்ந்தார் என்பது அவர்களுடைய முடிவு. எல்லா அறிஞர்களும் இதை ஏற்கவில்லை. எனக்கு இந்த வாதம் பொருத்தமாகவே படுகிறது. ஊர் மாறி வந்தவர் என்று வைத்துக்கொண்டால்தான் பிறகு நடந்த பல விஷயங்களுக்கு விளக்கம் கிடைக்கிறது.

அவற்றில் முதலாவது, உடல் இல்லாதது. 5ஆம் நூற்றாண்டில் ரோமானியக் குளியல் கூடத்தின் இடிபாடுகள்மேல் எழுந்த தெசலோனிக்கா ஆலயம் சாதாரணக் கட்டடம் இல்லை. நடுக்கூடமும் அதன் இருபுறமும் இரண்டிரண்டு பக்கக் கூடங்களுமாக ஐந்து வரிசை கொண்ட பெரும் பசிலிக்கா. ஆனால் மறைசாட்சிகளின் ஆலயங்களில் எல்லோரும் தேடிப் போகும் எலும்புகள் அங்கே காட்சிக்கு இல்லை. நடுக்கூடத்தின் இடப்புறம் வெள்ளித் தகடு வேய்ந்த ஓர் அறுகோண மண்டபம் நின்றது. கதவைத் திறந்தால் உள்ளே வெள்ளிக் கட்டில், அதில் புனிதரின் முகம் பொறித்த தகடு. அவர் அங்கே குடியிருக்கிறார் என்று நகர மக்கள் நம்பினார்கள். நோயாளிகள் ஆலயத்திலேயே இரவு தங்கி அவரைக் கனவில் கண்டார்கள். கல்லறை அடியில் எங்கோ இருக்கிறது என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது.

கிழக்கு ரோம (பைசாந்திய) பேரரசர் மவுரிக்கியுஸ் 6ஆம் நூற்றாண்டின் கடைசியில் தலைநகரான கான்ஸ்டான்டினோப்பிளுக்குப் புனிதப் பொருள் ஒன்று வேண்டும் என்று கேட்டு எழுதியபோது பேராயர் எவுசேபியுஸ் அனுப்பிய பதில் சாமர்த்தியமானது. எங்கே புதைத்தார்கள் என்பது எங்களுக்கே தெரியாது. முன்பு பேரரசர் ஜஸ்டீனியன் கேட்டபோது தோண்டிப் பார்த்தார்கள், உள்ளிருந்து தீயும் எச்சரிக்கைக் குரலும் கிளம்பியதால் நிறுத்திவிட்டார்கள். அப்போது அள்ளிய வாசனை மண்ணில் கொஞ்சம் இருக்கிறது, அனுப்புகிறோம் என்ற வகையில் பதில் போனது. தலைநகரம் மாகாணப் புனிதர்களின் எலும்புகளையெல்லாம் வாரிக்கொண்டிருந்த காலம் அது. தெசலோனிக்கா தன் புனிதரைக் காப்பாற்றிக்கொண்டது. உண்மையிலேயே கொடுக்க எதுவும் இல்லாமலும் இருந்திருக்கலாம்.

ஆனால் இந்தத் தற்காப்புக்கு ஒரு பின்விளைவு இருந்தது. எலும்பு ஓரிடத்தில்தான் இருக்க முடியும். துணி, மண், எண்ணெய், படம் ஆகியவற்றுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. உடலைச் சார்ந்திராத புனிதர் எந்த ஊருக்கும் போகலாம். தெமேத்ரியுஸின் ஆலயங்கள் இத்தனை தேசங்களில் எழுந்ததற்கு இதுவே முக்கியமான காரணம் என்பது என் கருத்து.

அந்த நகரத்தாருக்கும் இந்தப் பயம் இருந்திருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் பேராயர் யோவான் தொகுத்த அற்புதங்களில், நாடோடிப் படையினரான அவார்களும் ஸ்லாவியர்களும் நகரை முற்றுகையிட்ட நாட்களைப் பற்றிய ஒரு காட்சி வருகிறது. உயர் பதவியிலிருந்த ஒருவர் கனவில் ஆலயத்துக்குள் நிற்கிறார். அரண்மனைக் காவலர் போலத் தோற்றம் கொண்ட இருவர் உள்ளே நுழைந்து வீட்டுத் தலைவர் எங்கே என்று கேட்கிறார்கள். தெமேத்ரியுஸ் வெள்ளி மண்டபத்தின் கதவைத் திறந்துகொண்டு வருகிறார். நகரம் எதிரிகள் கையில் விழப்போகிறது, உடனே புறப்பட்டு வரச் சொல்லி ஆண்டவரின் உத்தரவு என்று அவர்கள் சொல்கிறார்கள். கேட்ட புனிதர் கண்ணீர் விடுகிறார், ஆனால் கிளம்பவில்லை. என்னை இந்த ஊருக்குக் காவலாக வைத்தவர் அவர்தானே, இவர்கள் பிழைத்தால் நானும் பிழைப்பேன், இவர்கள் அழிந்தால் நானும் இவர்களோடு அழிவேன் என்று பதில் சொல்லி அனுப்பிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். கடவுளின் உத்தரவையே மீறும் புனிதர்! ஒரு பேராயர் இதைத் தயங்காமல் எழுதிவைத்தார் என்றால், இவர் போய்விட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி நகரத்தை எவ்வளவு அரித்திருக்க வேண்டும்.

620ஐ ஒட்டிய ஒரு தீவிபத்துக்குப் பிறகு ஆலயத்தைப் புதுப்பித்தார்கள். அந்தக் காலத்து மொசைக் ஒன்று பீடத்துக்கு அருகிலுள்ள தூணில் இன்றும் இருக்கிறது. இளம் முகத்தோடு தெமேத்ரியுஸ் நடுவில் நின்று, இருபுறமும் நிற்பவர்களின் தோளில் கை போட்டிருக்கிறார். ஒருவர் நற்செய்தி நூலைப் பிடித்த பேராயர். இன்னொருவர் கையில் பணப்பை வைத்திருக்கும் ஆளுநர். மூவருக்கும் பின்னால் கோட்டை மதில். நகரத்தை நடத்தும் மூன்று பேர் என்றுதான் அந்தப் படத்தைப் பார்த்தால் தோன்றும். புனிதர் அணிந்திருப்பது அரசவை அதிகாரியின் மேலாடை. வாளும் கவசமும் குதிரையும் இந்தப் பழைய மொசைக்குகளில் இல்லை. அவரைப் படைவீரராக வரையும் பழக்கம் வேரூன்றியது சில நூற்றாண்டுகள் கழித்துத்தான்.

மதிலுக்கு வெளியே நின்ற ஸ்லாவியர்கள் மெல்ல மெல்ல அக்கம்பக்கத்துக் குடியானவர்களாகி, பிறகு கிறிஸ்தவர்களும் ஆனார்கள். அவர்களுக்கு எழுத்தும் வேதமும் கொடுத்த சிரில், மெத்தோடியுஸ் சகோதரர்கள் தெசலோனிக்காக்காரர்கள். மத்திய ஐரோப்பாவின் மொராவியாவில் வேதாகம மொழிபெயர்ப்பை முடித்த மெத்தோடியுஸ், அக்டோபர் 26 அன்று தெமேத்ரியுஸுக்கு வழிபாடு நடத்தி நன்றி செலுத்தியதாக அவருடைய வரலாறு கூறுகிறது. அவர் வகித்த பேராயர் பதவியோ பழைய சிர்மியுமின் பெயரில் அமைந்தது. ஒரு காலத்தில் எந்த மக்களை விரட்டுவதற்காகப் புனிதர் மதில்மேல் ஏறி நின்றாரோ, அவர்களுடைய மொழியிலேயே இப்போது அவர் புகழ் பாடினார்கள்.

904இல் அரபுக் கடற்படை நகரைச் சூறையாடியபோது புனிதர் தடுக்கவில்லை. மக்களின் பாவமே காரணம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். 11ஆம் நூற்றாண்டில் புதிதாக ஒன்று சேர்ந்தது. கல்லறையிலிருந்து மைரோன் என்னும் நறுமணத் தைலம் சுரப்பதாகச் செய்தி பரவியது. 1040இல் பல்கேரியக் கிளர்ச்சிப் படை முற்றுகையிட்டபோது நகரத்தார் இரவு முழுக்க ஆலயத்தில் வேண்டிக்கொண்டு, அந்தத் தைலத்தைப் பூசிக்கொண்டு வெளியே பாய்ந்து வென்றார்கள். யாத்திரிகர்கள் தைலத்தைச் சின்ன ஈயக் குப்பிகளில் அடைத்து ஊருக்கு எடுத்துப் போனார்கள். திருவிழாவையொட்டி மதிலுக்கு வெளியே கூடிய சந்தையைப் பற்றி 12ஆம் நூற்றாண்டு நையாண்டி எழுத்து ஒன்று விவரிக்கிறது: இத்தாலி, ஸ்பெயின், எகிப்து, பினீசியா எனப் பல திசைச் சரக்குகள், கருங்கடல் பக்கத்துப் பொருள்கள் கான்ஸ்டான்டினோப்பிள் வழியாகக் கோவேறு கழுதைகளில் வந்து இறங்கின. பக்தியோடு வியாபாரமும் வளர்ந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான்.

1185 ஆகஸ்டில் சிசிலியிலிருந்து வந்த நார்மானியர்கள் நகரைப் பிடித்தார்கள். கல்லறையை அலங்கரித்த வெள்ளியைப் பெயர்த்தார்கள். நோயாளிகள் துளித் துளியாக வாங்கிப் போன தைலத்தைக் குடம் குடமாக மொண்டு மீன் வறுத்தார்கள், காலணிக்குப் பூசினார்கள் என்று வரலாற்றாசிரியர் நிக்கேதாஸ் கோனியாதேஸ் மனம் கொதித்து எழுதுகிறார். நகரம் விழுந்ததை விட இந்த அவமதிப்பு அதிகம் பேசப்பட்டது. அப்படியானால் புனிதர் எங்கே போனார்?

அதற்குப் பதில் சில மாதங்களிலேயே வடக்கிலிருந்து வந்தது. பீட்டர், ஆசென் என்ற இரு சகோதரர்கள் பேரரசர் இசாக் ஆஞ்செலோஸிடம் போய்ச் சொற்ப வருமானமுள்ள ஒரு நிலத்தைக் கேட்டார்கள். கிடைக்கவில்லை, அதற்கு மேல் ஆசெனின் கன்னத்தில் அறையும் விழுந்தது. பேரரசரின் திருமணச் செலவுக்கென்று விதித்த வரியால் மலைநாட்டு மக்களான பல்கேரியரும் விலாக்கியரும் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் பேரரசை எதிர்க்க அவர்களுக்குத் துணிவு வரவில்லை. சகோதரர்கள் தெமேத்ரியுஸின் பெயரில் ஓர் ஆலயம் கட்டினார்கள். அருள் வந்து ஆடுகிற ஆண்களையும் பெண்களையும் அங்கே திரட்டினார்கள். தலைவிரி கோலமாக, கண்கள் செருக ஆடி அவர்கள் வாக்குச் சொன்னார்கள்: பல்கேரியருக்கும் விலாக்கியருக்கும் விடுதலை கொடுக்கக் கடவுள் மனம் வைத்துவிட்டார், தெமேத்ரியுஸ் தெசலோனிக்காவையும் தன் ஆலயத்தையும் கைவிட்டு உங்களுக்குத் துணையாக இங்கே வந்துவிட்டார்.

இதையும் நமக்குச் சொல்வது கோனியாதேஸ்தான்; எதிர்த் தரப்புக்காரர், ஏளனத்தோடு சொல்கிறார். ஆனால் அந்தச் சகோதரர்கள் செய்த கணக்கு எவ்வளவு நுட்பமானது என்பதை அவரால் மறைக்க முடியவில்லை. கொள்ளை போன நகரத்தின் புனிதர் ஓடி ஒளிந்தவராகவும் இருக்கலாம், தானே முடிவெடுத்து இடம் மாறியவராகவும் இருக்கலாம். இரண்டாவது விளக்கம் கிளர்ச்சிக்காரர்களுக்குத் தேவைப்பட்டது. உடலை யாரும் பார்த்ததில்லை என்பதால் அதைப் பொய் என்று நிரூபிக்கவும் முடியாது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குள் இரண்டாம் பல்கேரியப் பேரரசு நிலைபெற்றது. கிளர்ச்சித் தலைவரின் வீட்டிலிருந்து தெமேத்ரியுஸின் திருப்படம் ஒன்றை இசாக் மீட்டு வந்தபோது தலைநகரில் அதைப் பாராட்டிக் கவிதை எழுதினார்கள் என்றால், அந்த வாக்கு எவ்வளவு உறைத்திருக்கும் என்பது தெரிகிறது. வெலிக்கோ தர்னோவோவில் யான்திரா ஆற்றங்கரையில், திராப்பெசிட்சா குன்றின் அடியில், செங்கல்லும் கல்லும் கலந்த ஒரு சிறிய ஆலயம் இன்று நிற்கிறது. பல முறை இடிந்து, 20ஆம் நூற்றாண்டில் மீண்டும் எழுப்பப்பட்டது. தெசலோனிக்கா பசிலிக்காவோடு ஒப்பிட்டால் அது ஒரு அறை அளவுதான். அளவை வைத்து அதன் எடையை மதிப்பிட முடியாது.

வழக்கு அதோடு நிற்கவில்லை. அந்தச் சகோதரர்களின் தம்பி கலோயன், பல்கேரிய அரசராகி 1207 அக்டோபரில் தெசலோனிக்காவை முற்றுகையிட்டார். கூடாரத்தில் இருந்தபடியே திடீரென்று இறந்தார். நோய் என்றும் சொல்கிறார்கள், சொந்தத் தளபதியே குத்திவிட்டான் என்றும் சொல்கிறார்கள். நகரத்தாருக்குச் சந்தேகமே இல்லை: குத்தியது தெமேத்ரியுஸ். இத்தனைக்கும் அப்போது நகரம் மேற்கு ஐரோப்பியச் சிலுவைப்போர் வீரர்களான லத்தீன்காரர்கள் கையில் இருந்தது. காவல் புனிதர் ஆளுபவர் யார் என்று பார்க்கவில்லை, மதிலைத்தான் பார்த்தார் போலும். சிவப்புக் குதிரைமேல் அமர்ந்து கீழே விழுந்தவனை ஈட்டியால் குத்தும் தெமேத்ரியுஸின் படம் பிற்காலத்தில் பால்கன் நாடெங்கும் பரவியது. விழுந்து கிடப்பவன் சில படங்களில் மல்லன் லையோஸ், சிலவற்றில் கலோயன். பல்கேரிய ஆலயங்களிலும் இந்தப் படம் தொங்கியது. தங்கள் அரசரையே குத்தும் புனிதருக்கு அந்த மக்கள் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள்.

இதே காலத்தில் ரஷ்யாவின் விளாதிமிர் நகரில் நடந்தது வேறு வகை. இளவரசர் விசேவலோதின் திருமுழுக்குப் பெயர் தெமேத்ரியுஸ். அண்ணன் துரத்தியதால் சிறுவயதில் தாயோடு கான்ஸ்டான்டினோப்பிளில் அகதியாக இருந்தவர். ஆட்சிக்கு வந்த பிறகு, 1190களில் தன் அரண்மனையை ஒட்டி வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லில் ஓர் ஆலயம் எழுப்பினார். வெளிச்சுவரின் மேல்பாதி முழுக்கச் செதுக்குச் சிற்பங்கள், நூற்றுக்கணக்கில்: யாழ் மீட்டும் தாவீது அரசர், சிங்கங்கள், பறவைகள், வானில் பறக்கும் மாவீரன் அலெக்சாண்டர், பிள்ளைகளோடு அமர்ந்த விசேவலோதே. மறைசாட்சியைத் தேடினால் அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர், அவ்வளவுதான். இது அரசனின் பெருமையைப் பேசும் ஆலயம் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் 1197இல் தெசலோனிக்காவிலிருந்து கல்லறைப் பலகை ஒன்றும் புனிதரின் சட்டைத் துண்டும் வந்து சேர்ந்ததாக அந்நாட்டு நாளாகமங்கள் பதிவு செய்கின்றன. அந்தப் பலகைத் திருப்படம் பின்னர் மாஸ்கோவுக்குப் போனது. அதே பெயர் தாங்கிய திமித்ரி தோன்ஸ்கோய் 1380இல் குலிக்கோவோவில் மங்கோலியப் படையை வென்றார். அக்டோபர் 26க்கு முந்தைய சனிக்கிழமை ரஷ்ய ஆலயங்களில் இறந்தவர்களை நினைக்கும் நாளாக இன்றும் நீடிக்கிறது. அந்தப் போரில் மாண்டவர்களுக்காகத் தொடங்கியது என்பது மரபு.

கிரேக்கத்தின் மிஸ்திராஸில் பேராயர் ஆலயமும், கொசோவோவின் பெச் நகரில் செர்பியத் திருச்சபைத் தலைமை மடத்துக்குள் ஓர் ஆலயமும் இதே பெயரில் இருக்கின்றன. பட்டியலை நீட்டுவதில் பயனில்லை. சிர்மியும் இருந்த இடத்திலுள்ள செர்பிய நகரம் இன்று ஸ்ரெம்ஸ்கா மித்ரோவிட்சா. தெமேத்ரியுஸ் பெயரில் அங்கிருந்த மடத்திலிருந்து வந்த ஊர்ப்பெயர் அது.

1430இல் சுல்தான் இரண்டாம் முராத் தெசலோனிக்காவைப் பிடித்தபோது ஆலயம் உடனே பறிபோகவில்லை. 1481ஆம் ஆண்டு தேதியிட்ட, லூக்காஸ் ஸ்பந்தூனிஸ் என்ற கிரேக்கப் பிரமுகரின் பளிங்குக் கல்லறை உள்ளேயே இருக்கிறது. 1490களில் அது காசிமியே மசூதியானது. அதற்குப் பிறகு நடந்ததுதான் வியப்பு. புனிதரின் கல்லறை என்று நம்பப்பட்ட மூலை அறையை இடிக்காமல் விட்டார்கள். கிறிஸ்தவர்கள் வந்து வணங்க அனுமதித்தார்கள். மசூதிப் பராமரிப்பாளர்களே விளக்கேற்றி, கல்லறை மண்ணை எடுத்துக் கொடுத்தார்கள் என்று பயணிகள் எழுதியிருக்கிறார்கள். ஒட்டோமான் மக்கள் வழக்கில் ஆண்டு இரண்டு பருவம்: ஜார்ஜ் திருநாளில் கோடைப் பாதி தொடங்கும், தெமேத்ரியுஸ் திருநாளில் குளிர்ப் பாதி தொடங்கும். ஆடுமாடுகள் மலையிலிருந்து இறங்குவதும் குத்தகைக் கணக்கு முடிவதும் அந்தத் தேதிகளில்தான். புனிதரைச் சட்டென்று அழித்துவிட யாராலும் முடிந்திருக்காது.

1912இல் மீண்டும் ஆலயமான ஐந்தே ஆண்டில், 1917 ஆகஸ்டில், நகரத்தின் பெரும்பகுதியை விழுங்கிய தீயில் அதுவும் எரிந்தது. 1907 வாக்கில் மசூதிச் சுவர்ப்பூச்சின் அடியில் கண்டுபிடித்திருந்த வடபக்க மொசைக்குகள் கருகி உதிர்ந்தன. இன்று அவற்றைப் பற்றித் தெரிவதற்கு, 1909இல் டபிள்யூ. எஸ். ஜார்ஜ் என்ற ஆங்கிலேயர் அளவு பிசகாமல் தீட்டி வைத்த நீர்வண்ணப் பிரதிகளும் சில பழைய நிழற்படங்களும்தான் உதவுகின்றன. அவற்றில் தாய் ஒருத்தி தன் கைக்குழந்தையைப் புனிதரிடம் ஒப்படைக்கும் காட்சிகள் உண்டு. அரசர்களும் முற்றுகைகளும் இல்லாத வீட்டுப் பக்தி. தீ ஒரு நன்மையும் செய்தது: ஒட்டோமான் காலத்தில் மூடிப்போன நிலவறை வெளியே வந்தது. குளியல் கூடத்தின் மிச்சங்கள், நீரூற்றுத் தொட்டி, தைலம் பிடித்த இடம் எல்லாம் கிடைத்தன. புதுப்பித்த ஆலயம் 1949இல் வழிபாட்டுக்குத் திறந்தது. 1988இல் நகரின் மற்ற பைசாந்திய நினைவிடங்களோடு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

இடையில் எலும்புகளும் வந்து சேர்ந்தன. இத்தாலியின் சான் லொரென்சோ இன் காம்போ என்ற சிற்றூரின் மடத்து ஆலயத்தில் தெமேத்ரியுஸுடையவை என்று நெடுங்காலமாகப் பாதுகாத்து வந்தவற்றில் தலையெலும்பு 1978இலும் மீதி 1980இலும் தெசலோனிக்காவுக்குத் திரும்பின. சிலுவைப்போர்க் காலத்தில் எடுத்துச் செல்லப்பட்டவை என்பது விளக்கம். பேராயர் எவுசேபியுஸின் கடிதத்தோடும் 411ஆம் ஆண்டுப் பட்டியலோடும் இதை எப்படிப் பொருத்துவது என்பது வரலாற்று ஆய்வாளர்களின் கவலை. ஆலயத்தில் வெள்ளிப் பேழையைத் தொட வரிசையில் நிற்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. அந்த வரிசையில் கிரேக்கர்களோடு பல்கேரியர்களும் செர்பியர்களும் ரஷ்யர்களும் நிற்கிறார்கள்.